மருது கேட்டது

சாமி இந்த வருஷமும் கறிதான் கேட்கும் என்று வேம்பங்குளத்தில் எல்லோருக்கும் தெரியும். கொடுத்தால், கொடுக்கவில்லை என்று அழும் என்பதும் தெரியும்.

அது பழைய காலத்துச் சாமி அல்ல. ஊர்த்தலைவர் குழந்தைவேலு அம்பலத்தின் மூத்த மகன் மருதுதான் அந்தச் சாமி. மீசை கறுக்கும் வயதில், கல்யாணம் காட்சி பார்க்காமல் போய்ச் சேர்ந்தவன். அப்படிப் போனவர்களை அந்தப் பக்கத்தில் வீட்டுச் சாமியாக்கி, இறந்த மாதத்திலேயே வருஷா வருஷம் உச்சிப்பொழுதுக்குப் படைப்புப் போடுவார்கள். புது வேட்டி, புதுத் துண்டு, உயிரோடு இருந்தபோது ஆசைப்பட்ட பண்டம். மருதுவுக்கு வைகாசி மாதம்.

சாமி இறங்குவது அம்பலத்தின் தங்கை காளியாயி மேல். மற்ற நாட்களில் காளியாயியின் வாயை அடைக்க உலக்கைதான் வேண்டும். சாமி வந்துவிட்டால் மட்டும் குரல் கட்டிப்போய், காய்ச்சல்காரன் முனகுவதுபோல ஒரே பேச்சு: "கறி... கறி குடுக்கல..."

முதல் வருஷம் குட்டி ஆடு அறுத்தார்கள். மறு வருஷம் கிடாய். பிறகு சேவல், காடை, ஒரு வருஷம் முயல்கூட. எல்லாவற்றையும் இலையில் குவித்து வைத்துக்கொண்டே சாமி அழுதது.

"கிடாய முழுசா வச்சாலும் குடுக்கலைங்குது. வக்கீலுக்குப் படிக்க வேண்டிய சாமிதான், சந்தேகமில்ல" என்பார் அம்பலத்தின் மனைவி சோணையம்மாளின் தம்பி கோட்டைச்சாமி. அக்காள் முறைத்தால் வாயைக் கையால் பொத்திக்கொள்வார்.

வக்கீல் என்ற சொல் அந்த வீட்டில் விளையாட்டுச் சொல் அல்ல. கண்மாய் மடை விஷயமாகப் பக்கத்து ஊர்க்காரர்கள் போட்ட வழக்கில், சிவகங்கைக் கோர்ட்டில் அம்பலம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். தன் மடையைப் பற்றி, தன் தண்ணீரைப் பற்றி, தனக்குப் புரியாத பாஷையில் இரண்டு பேர் பேசி முடித்தார்கள். என்ன தீர்ப்பு என்று வெளியே வந்துதான் கேட்டுத் தெரிந்துகொண்டார். அன்றைக்கு அவர் ஒரு முடிவு செய்தார். தன் பிள்ளை ஒருவன் கறுப்புக் கோட்டுப் போட்டு அந்த இடத்தில் நின்று பேச வேண்டும். மருதுவுக்காகக் காரைக்குடியில் முன்கூட்டியே தைத்து வாங்கிய அல்பாக்காக் கோட்டு, இன்றைக்கும் படைப்புப் பெட்டியில் வேட்டி துண்டுகளோடு மடித்து இருக்கிறது.

இப்போது அந்த முறை பூமிநாதனுக்கு வந்திருந்தது.

பூமிநாதன் இளையவன். காரைக்குடி ஹைஸ்கூலில் பள்ளி இறுதித் தேர்வு பாஸ் செய்துவிட்டான். ஆனி பிறந்தால் மதுரையில் காலேஜ். பெட்டி வாங்கியாகிவிட்டது. படைப்பன்று சாமி கையால் திருநீறு வாங்கிக்கொண்டு மறுநாள் ரயிலேற வேண்டியதுதான்.

அவனுடைய மனசோ வேறு ரயிலில் இருந்தது. பட்டணத்தில் சித்திரம் கற்றுக்கொடுக்கிற பள்ளிக்கூடம் இருப்பதாக டிராயிங் வாத்தியார் சொன்ன நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அதை அப்பாவிடம் சொல்ல அவனுக்கு வாய்த்த இடம், காரைக்குடியிலிருந்து திரும்பும் மாட்டுவண்டி.

"அய்யா, நான் பட்டணத்துக்குப் போயி சித்திரம் படிக்கிறேன்யா."

வண்டி வெகுதூரம் போனது. மாட்டுச் சலங்கை மட்டும் பேசிக்கொண்டு வந்தது. கல்லல் நெருங்கும்போது அம்பலம் வாயைத் திறந்தார்.

"அந்தப் பேச்ச இந்த வீட்டுல ஒரு தடவ பேசி முடிச்சாச்சு."

அவர்கள் வீட்டில் இல்லை, நட்ட நடு ரோட்டில் இருந்தார்கள். ஆனாலும், வண்டியின் பின்பக்கம் யாரோ உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வருவதுபோல, அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பூமிநாதனும் பார்த்தான். வைக்கோல்தான் இருந்தது.

ஒரு தடவை பேசி முடித்த கதை பூமிநாதனுக்கு அரைகுறையாகத் தெரியும். அப்போது அவன் சின்னப் பிள்ளை. மருது பள்ளிக்கூடத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, காரைக்குடியில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு செட்டியார் வீட்டில், முகப்புக் கூரைக்குச் சித்திரம் எழுத வந்தவர்களோடு சாரத்தின் மேல் படுத்துக் கிடந்தான். அம்பலம் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தார். காலேஜுக்குப் போகிறேன் என்று சொல்கிற வரைக்கும் இரு என்று உள்வீட்டில் போட்டுப் பூட்டினார். மருது சொல்லவில்லை. உள்ளே காய்ச்சல் கண்டது. நடிக்கிறான் என்று அம்பலம் நினைத்தார். கதவைத் திறந்தபோது நடிப்பு முடிந்திருந்தது.

இதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. சோணையம்மாள் மட்டும் ஒன்றைச் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொள்வாள். "கடைசியா ஆசப்பட்டு ஒண்ணு கேட்டான். கதவுக்கு அங்குட்டு இருந்து, 'ஆத்தா, கறி குடு'ன்னான். அவுக இல்லாத நேரமாப் பாத்து, ஆக்கிக்கிட்டுப் போயி, கதவத் தூக்கிப் புடிச்சுத் தட்ட உள்ள தள்ளுனேன். பாத்துட்டுச் சிரிச்சான் எம்புள்ள. நல்லாச் சிரிச்சான். ஆனா ஒரு வாய் தொடல."

பூமிநாதனைப் பிடித்து ஆட்டியது வேறு. அவன் எதையாவது வரைந்தால் பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றே சொன்னார்கள்: "அப்படியே மருது கை." அம்மா அதைக் கேட்டால் சேலைத் தலைப்பால் படத்தைத் துடைத்துவிடுவாள். சில சமயம் அவன் கை அவனுக்கு முன்னால் ஓடும். காளை ஒன்றைப் போட நினைத்துக் கோடு இழுத்தால், கொம்பு முதலிலேயே வந்து உட்கார்ந்திருக்கும். அப்போது தன்னையே கேட்டுக்கொள்வான்: பட்டணத்துக்குப் போக வேண்டும் என்று துடிப்பது நான்தானா, அல்லது போக முடியாமல் போனவன் என்னை வைத்துப் போகப் பார்க்கிறானா? கை யாருடையது என்று தெரியாமல் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவது?

படைப்புக்கு முந்தின நாள் அம்பலம் கிடாய் பார்க்கச் சந்தைக்குப் போயிருந்தார். சோணையம்மாள் சுண்ணாம்பைக் கரைத்து, நீலம் கலக்கி, உள்வீட்டு வாசலில் வைத்துவிட்டு நின்றாள். உள்வீட்டுக்கு அவள்தான் வெள்ளையடிப்பாள். ஆள் விடமாட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு, லாந்தரை ஏற்றி வைத்துக்கொண்டு, தனியாகவே அடிப்பாள். இந்த வருஷம் மாட்டுக்கொட்டத்தில் வழுக்கித் தோள்பட்டை பிசகிவிட்டது. கை மேலே எழும்பவில்லை.

"ஒரு வருசம் அடிக்காட்டித்தான் என்ன ஆத்தா?"

"சாமி இருக்குற எடம்டா. நீ அடி." வெள்ளையடிக்கிற மட்டையை அவன் கையில் கொடுத்தாள். கொடுத்தவள் விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னாள்: "அடிக்கும்போது சுவத்தப் பாக்காத."

"பாக்காம எப்படி அடிக்கிறது?"

"சொன்னதக் கேளு. மட்டையப் பாரு, தரையப் பாரு. சுவத்தப் பாக்காத."

அவள் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

உள்வீட்டுக்கு ஜன்னல் கிடையாது. லாந்தர் வெளிச்சத்தில் சுவர்கள் பாலாடைபோல வெளுத்து நின்றன. பூமிநாதன் மட்டையைத் தோய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தான். இன்னொரு இழுப்பு. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தது. துடைத்துக்கொண்டு கண்ணைத் திறந்தான்.

சுவரிலிருந்து ஒரு மாடு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மட்டை கை நழுவிச் சட்டிக்குள் விழுந்தது.

சுண்ணாம்பு அடித்த கையோடு வெண்மையாக இருக்காது. ஈரமாக இருக்கும் வரைக்கும் நனைந்த மல் வேட்டி மாதிரிதான், அடியில் இருப்பதைக் காட்டிக் கொடுக்கும். காயக் காயத்தான் வெளுக்கும். பழைய பூச்சும் அப்படியே ஊறித் தெளிந்துபோகும். பூமிநாதனுக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் அவன் கண் முன்னால் அந்த மாடு, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, கொம்பு போய், திமில் போய், கடைசியில் ஒற்றைக் கண்ணாக நின்று, அதுவும் மறைந்தபோது அவன் சட்டிக்குள் கையை விட்டு மட்டையைத் தேடி எடுத்தான்.

பிறகு அவன் வெறி பிடித்தவன்போல அடித்தான். அடித்த இடமெல்லாம் ஒவ்வொருவராக வந்தார்கள். அடுப்பூதுகிற அம்மா வந்தாள். உலக்கையும் கையுமாகக் காளியாயி அத்தை, வாய் திறந்தபடி. கண்மாய்க் கரைப் பனைகள். சாரத்தில் மல்லாந்து கிடக்கும் ஆட்கள். கதவு இடுக்கில் கண்ணை வைத்துக் குந்தியிருக்கும் ஒரு சின்னப் பிள்ளை. அது தான்தான் என்று தெரிந்தபோது மறந்துபோன ஒன்று நினைவுக்கு வந்தது. கதவு இடுக்கு வழியாக அவன் எதையோ எடுத்து எடுத்து உள்ளே தள்ளியிருக்கிறான். விரலெல்லாம் கறுப்பாகி, அதற்காக அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறான்.

கதவுக்குப் பக்கத்தில், தரையை ஒட்டி, கடைசிப் படம் வந்தது. படுத்துக்கொண்டு எழுதியிருக்க வேண்டும். தலைப்பாகை, ஒரு பக்கத்து மீசை, ஒரு கண். வாயைத் துண்டால் அழுத்திப் பிடித்த ஒரு கை. மூக்குத்தண்டு வரைக்கும் கறுப்பாக வந்த கோடு அதற்குப் பிறகு மெலிந்து மெலிந்து, கடைசியில் வெறும் நகக் கீறலாகிப் பாதி முகத்தோடு நின்றுவிட்டது.

பூமிநாதன் அந்த நகக் கீறலைத் தொட்டுப் பார்த்தான். தீர்ந்துபோயிருக்கிறது.

"ஆத்தா!"

அவன் போட்ட சத்தத்தில் சோணையம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஈரச் சுவரைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாக்காதன்னேன்ல. வருசத்துக்கு ஒருக்க நான் எம்புள்ளையப் பாக்குற நேரம்டா இது. ஒன்னையும் அது இழுத்துக்கிருமோன்னுதான்..."

"அண்ணன் அன்னைக்கு என்ன கேட்டான்?"

"கறி கேட்டான். அதான் எத்தன மட்டம் சொல்லியிருக்கேன்."

"எந்தக் கரி?"

"எந்தக் கறியா? என்னடா கேள்வி இது, வெள்ளாட்டுக் கறிதான்..."

பூமிநாதன் எழுந்து அடுப்படிக்கு ஓடினான். அடுப்பில் அவிந்து கிடந்த கரித்துண்டு ஒன்றை எடுத்து வந்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

சோணையம்மாள் அதைப் பார்த்தாள். பாதி முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் கையைப் பார்த்தாள். இரண்டும் வாயில் ஒன்றுதான். வேம்பங்குளத்தில் யார் சொன்னாலும் ஒன்றுதான். எழுதிப் பார்த்தால்தான் வேறு. அவளுக்கு எழுத்துத் தெரியாது.

"அதான் சிரிச்சானா..." என்றாள். கரித்துண்டைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, "உங்கய்யாகிட்டச் சொல்லிராத. அவுக தாங்க மாட்டாக" என்றாள்.

பூமிநாதன் சுண்ணாம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். பேசாமல் இருந்தால் மறுநாள் திருநீறு, அதற்கு மறுநாள் மதுரை. அந்த இரவு முழுக்க அவன் விரல்களை மூடி மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் உச்சிவெயில். உள்வீட்டில் தலைவாழை இலை, புது வேட்டி, கோட்டு, ஆவி பறக்கும் கறி. வாசலில் பங்காளிகள். அம்பலம் சூடம் ஏற்றியதும் காளியாயியின் தலை சரிந்தது. தோள் குலுங்கியது.

"கறி... கறி குடுக்கல..."

"வச்சிருக்குடா" என்றார் அம்பலம். ஊரையே அதட்டுகிற குரல் கெஞ்சியது. "இந்தா, நெஞ்செலும்பு, ஈரலு, எல்லாம் வச்சிருக்கு. சாப்புடுய்யா. என்ன வேணும்னு சொல்லுய்யா. எத்தன வருசமாடா அழுவ?"

"குடுக்கல... கறி குடுக்கல..."

பூமிநாதன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அடுப்படிக்குப் போனான். திரும்பி வந்து, இலையில் இருந்த கறித்தட்டை நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் ஒரு கை கரித்துண்டுகளை வைத்தான்.

"அட மாப்ள, கிறுக்குப் புடிச்சிருச்சா? சாமிக்குக் கரிய வைக்கிற!" என்று கோட்டைச்சாமி பாய்ந்தார்.

"கரி கேட்டுச்சு. கரி வச்சேன் மாமா."

காளியாயியின் அழுகை, கத்தியால் அறுத்ததுபோல நின்றது. அவள் கை இலையைத் தடவிக்கொண்டு போய்க் கரியில் பட்டது. ஒரு துண்டை எடுத்தாள். முகர்ந்தாள். பிறகு சிரித்தாள். உரக்க இல்லை. நெடுநாள் தாகத்துக்குப் பிறகு தண்ணீர் கண்டவன் சிரிப்பதுபோல ஒரு சிரிப்பு. சோணையம்மாள் வாயில் தலைப்பை அடைத்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பை அவள் ஒரு தடவை கேட்டிருக்கிறாள்.

பயணம் போகிறவனுக்குச் சாமி திருநீறு பூச வேண்டும். காளியாயி பூமிநாதனை இழுத்து, நெற்றியில் கரியைத் தேய்த்தாள். துண்டை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள். அப்படியே சரிந்து விழுந்தாள்.

"எவன்டா சொன்னது, அவன் கேட்டது இந்தக் கரின்னு?" அம்பலத்தின் கண்கள் சிவந்திருந்தன.

பூமிநாதன் செம்புத் தண்ணீரை எடுத்துக் கதவோரச் சுவரில் வீசினான். வழிந்த தண்ணீருக்குப் பின்னாலிருந்து தலைப்பாகை வந்தது. மீசை வந்தது. ஒற்றைக் கண் வந்தது. துண்டை வாயில் அழுத்திய கை வந்தது.

அம்பலம் முட்டிபோட்டு உட்கார்ந்தார். நகர்ந்து நகர்ந்து அருகே போனார்.

"நான் வெளிய உக்காந்திருந்தேன்டா" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "ராத்திரி பூரா, லாந்தர வச்சுக்கிட்டு, அந்தத் தூணுக்கிட்டத்தான் உக்காந்திருந்தேன். சத்தம் வெளிய வரக்கூடாதுன்னு துண்ட வாயில வச்சுக்கிட்டு... அது இவனுக்குத் தெரியுமா? இடுக்கு வழியாப் பாத்தானா?"

இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

அம்பலம் எழுந்து வெளியே போனார். கதவுக்கு நேரே இருந்த தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். தோள்துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டே சொன்னார்:

"முடிடா."

"சுவரு காயணும்யா. ஈரத்துல கரி பிடிக்காது."

"காயட்டும். நான் எங்குட்டும் போகல."

காய்ந்தது. வெயிலின் அனல் கதவு வழியாக உள்ளே அடித்தது. காயக் காய மருதுவின் பாதி முகம் சுண்ணாம்புக்குள் பின்வாங்கியது. தலைப்பாகை போனது, கண் போனது. எல்லாம் மறைந்து வெள்ளையாக நின்ற பிறகுதான், எங்கே நின்றது என்று குத்துமதிப்பாகக் கணித்து, பூமிநாதன் தரையில் படுத்துக் கோடு இழுத்தான்.

கை முன்னால் ஓடவில்லை. தயங்கியது. அண்ணனின் கோடு தடித்த கோடு, ஒரே வீச்சில் போகிற கோடு. இது மெல்லியது, தேடித் தேடிப் போவது. இன்னொரு கண்ணை அவன் மூன்று தடவை அழித்துப் போட்டான். அவன் வரைந்து முடித்தபோது வெள்ளைச் சுவரில் வலது பக்கம் மட்டும் ஒரு கிழவர் துண்டைக் கடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். இடது பக்கம் ஒன்றுமில்லை. பூமிநாதன் கரித்துண்டைக் கீழே வைத்தான். இது என் கை என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அம்பலம் வந்து பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கோட்டைச்சாமிக்கே இரண்டு தடவை இருமல் வந்தது. பிறகு படைப்புப் பெட்டிமேல் இருந்த கறுப்புக் கோட்டை எடுத்து உதறி நீட்டினார்.

"இந்தா. போட்டுக்கிட்டுப் போ."

"மதுரைக்காய்யா?"

"ஏன், சித்திரம் எழுதுறவன் கோட்டுப் போட்டாப் பட்டணத்து ரயில விட்டு எறக்கி விட்ருவாகளா?"

"அப்ப இனிமே மடை வழக்குன்னு வந்தா, மச்சான்?" என்று கோட்டைச்சாமி மெல்லக் கேட்டார்.

"நீ போயி வக்கீலுக்குப் படிடா. வாயி இருக்குல்ல ஒனக்கு."

மருதுவுக்கு அளவெடுத்துத் தைத்த கோட்டு பூமிநாதனுக்கு ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தோளில் அது உட்கார்ந்தபோது அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கழற்ற மனம் வரவில்லை.

புறப்படுகிற அன்று சோணையம்மாள் உள்வீட்டில் செம்புத் தண்ணீரோடு நின்றிருந்தாள். வீசவில்லை. வீசினால் மூத்தவன் தெரிவான், இளையவன் எழுதியது கரைந்து ஓடிவிடும்.

"ஊத்து ஆத்தா. என்னுது போனாப் போகுது. நான் வேற எழுதிக்கிருவேன்."

"வேணாம்" என்றாள். தண்ணீரைத் தானே குடித்தாள். "அடுத்த வைகாசிக்கு வந்து நீயே வெள்ளையடி. ஒன்னுதும் உள்ள போயிரும்ல. அப்பறம் ஈரத்துல ரெண்டு பேரும் சேந்து தெரிவீக. உங்கய்யா மொகம் முழுசா வரும்."

அவள் ஆசையாகத்தான் சொன்னாள். ஆனால் அண்ணனுக்குப் பக்கத்தில், சுண்ணாம்புக்கு அடியில், தனக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருப்பதாக நினைத்தபோது பூமிநாதனுக்கு வைகாசி வெயிலிலும் குளிர்ந்தது. வருகிறேன் என்று தலையை ஆட்டினான்.

கல்லல் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றது. அம்பலம் பெட்டியைத் தூக்கி உள்ளே தள்ளிவிட்டு, ஜன்னலோரம் வந்து நின்றார். அப்போது எஞ்சின் பக்கமிருந்து யாரோ கத்தினார்கள்:

"கரி குடுய்யா! கரி! எவ்வளவு நேரமாக் கேக்குறது?"

அப்பாவும் மகனும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். புகைக்குள் முகம் தெரியவில்லை. மண்வாரியில் கரி அள்ளி நெருப்பில் கொட்டுகிற சத்தம் கேட்டது. ரயில் நகர்ந்தது.

பூமிநாதன் சிரித்தான். நல்லாச் சிரித்தான். பிளாட்பாரத்தில் நின்ற அம்பலம் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.